வானொலியால் பறக்கும் விளையாட்டு விமானங்கள்

ஆகாய விமானத்தின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் 1903-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல் வெளியில் ரைட் சகோதரர்கள் மனிதனைத் தாங்கிய இயந்திர விமானத்தைப் பறக்கவிட்ட ஆண்டு அது. ஆயினும் அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, 1871 ஆகஸ்டில், பாரிஸ் மாநகரின் துய்லரித் தோட்டத்தில், அல்போன்ஸ் பெனோ என்னும் 21 வயது இளைஞர் சின்னஞ்சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டுக் காட்டினார். முறுக்கிவிட்ட ரப்பர் நாடாதான் அதற்கு இயந்திரம். 11 வினாடிகளில் அது சுமார் 40 மீட்டர் தூரம் பறந்தது. பெனோவின் யோசனையை ஒட்டிச் செய்யப்பட்ட, மேலெழும்பிப் பறக்கும் பொம்மை ஒன்றை 1878-இல் ஒரு பாதிரியார் தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். அப்பிள்ளைகளே பிற்காலத்தில் ரைட் சகோதரர்கள் எனப் பெயர் பெற்றனர். பொம்மை பழுதானதும் அதைப்போலவே பெரிதாகச் செய்து பார்த்தார்கள். பெரிதாகப் பெரிதாக அது பறக்க மறுத்தது என்று அவர்களே பின்னர் நினைவு கூர்ந்தனர். ஆக, விளையாட்டுப் பொருள் முன்னே போக, விமானம் அதன் பின்னே வந்தது என்று சொல்வதில் தவறில்லை.

தரையில் நின்றபடி வானொலி அலைகளால் இயக்கும் சிறு விமானங்களின் கதையும் இவ்வாறே விளையாட்டில் பிறந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடங்கள் பல. இதனைப் பறக்கவிட்டவர்களை மட்டும் பேசி, கடை வைத்து விற்றவர்களை விட்டுவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். இவ்வரலாற்றின் போக்கை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஒரு கடைக்காரரே.

1930களில் அமெரிக்காவில் சிறுவர்களும் பெரியவர்களும் பால்சா மரத்தாலும் மெல்லிய காகிதத்தாலும் விமானங்களைச் செய்து பறக்கவிடுவது பெரும் பொழுதுபோக்காக இருந்தது. தென் அமெரிக்காவின் எக்குவடார் நாட்டிலிருந்து வரும் பால்சா, தக்கையைப் போல் கனமற்ற மரம். சவரக் கத்தியாலேயே அறுத்துவிடலாம். ரப்பர் நாடாவின் இடத்தில் கைக்கு அடங்கும் பெட்ரோல் இயந்திரம் வந்தபோது ஒரு புதுச் சங்கடமும் உடன் வந்தது. ரப்பர் முறுக்கு அவிழ்ந்ததும் விமானம் இறங்கிவிடும். பெட்ரோல் விமானமோ எரிபொருள் உள்ளவரை ஏறிக்கொண்டே போகும். ஏறிய பின் காற்றடிக்கும் திசையில் மிதந்து கண் மறைந்துவிடும். உடையவர் சைக்கிளிலும் மோட்டாரிலும் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார். மாதக்கணக்கில் இழைத்த இறக்கையின்மேல் தம் விலாசத்தை எழுதி ஒட்டிவிட்டு, கண்டெடுத்த யாரேனும் ஒரு கடிதம் போடமாட்டார்களா என்று காத்திருந்தவர் பலர். பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்திருக்கும் வீடுகளை அறிந்த நமக்கு அவர்கள் நிலை எளிதில் விளங்கும்.

போனதைத் திரும்ப வரவழைக்க வேண்டும் என்னும் இந்த ஆசையிலிருந்துதான் வானொலி விமானம் தோன்றியது எனலாம். வானொலியால் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்கலாம் என்பது புதிய சங்கதியன்று. நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க் நகரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் சிறு படகு ஒன்றை அவ்வாறு செலுத்திக் காட்டியிருந்தார். ஆனால் படகு பாரத்தைத் தாங்கும், விமானம் தாங்காது. அக்காலத்து ரேடியோவின் உயிர்நாடி கண்ணாடி வால்வு. அதன் இழையைச் சூடாக்க ஒரு பாட்டரி, அதன் தகட்டுக்கு உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்க வேறொரு பாட்டரி, போதாததற்குச் சுக்கானைத் திருப்ப ஒரு பொறி. இவற்றையெல்லாம் ஏற்றிய பின் மேலே எழும்பும் விமானத்தைச் செய்வதே முதற் பிரச்சினை.

இப்பிரச்சினையைத் தீர்த்துப் புகழ் பெற்றவர்கள் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்னும் ஊரைச் சேர்ந்த வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர். கல்லூரி மாணவர்களாக இருக்கையில் ஒருவர் விமானத்தைக் கவனித்துக்கொண்டார். மற்றவர் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவராதலால் ரேடியோவைக் கவனித்துக்கொண்டார். அவர்களுடைய விமானம் 8 அடி இறக்கை கொண்டது. ‘கஃப்’ என்று அதற்குப் பெயரிட்டனர். 1937-இல் அது அவர்கள் சொற்படி பறந்தது. அதே ஆண்டில் டெட்ராய்ட் நகரத்தில் நடந்த தேசியப் போட்டியில் வானொலி விமானங்களுக்கு முதன்முறையாகத் தனிப் பிரிவு வைத்தார்கள். அவ்வாண்டுப் பரிசு வேறொருவருக்குப் போயிற்று. எனினும் 1938 தொடங்கிக் குட் சகோதரர்களே பலமுறை முதலிடம் பெற்றனர். அந்த விமானம் இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் காட்சிசாலையின் உடைமை.

‘சொற்படி பறந்தது’ என்றோம். அந்தச் சொல் எத்தனை சிக்கனமானது என்பதையும் கூற வேண்டும். அக்காலத்து முறையில் தரையிலிருப்பவர் அனுப்பக் கூடியது ஒரே ஒரு சைகை; பொத்தானை அழுத்துவது, விடுவது, அவ்வளவே. விமானத்தின் வயிற்றில் முறுக்கிய ரப்பர் நாடா ஒன்று இருக்கும். சைகை வந்ததும் ஒரு சிறு மின்காந்தம் கொக்கியை இழுக்க, ரப்பர் கால் சுற்றுச் சுழன்று சுக்கானை வலப்புறம் திருப்பும். பொத்தானை விட்டால் சுக்கான் நேராகும். மறுபடி அழுத்தினால் இம்முறை இடப்புறம். ஆகவே கடைசியாகத் திரும்பியது வலமா இடமா என்பதைப் பறக்கவிடுபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரு சைகை தவறிப்போனாலும் கணக்குப் பிசகிவிடும். விமானம் தம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நம் இடமாகிவிடும் என்பது இன்னொரு தொல்லை. பெனோ பயன்படுத்திய அதே ரப்பர் நாடா 66 ஆண்டுகளுக்குப் பின் விமானத்தைத் தள்ளும் வேலையை விட்டுத் திருப்பும் வேலைக்கு வந்துவிட்டதை இங்கே கவனிக்கலாம்.

இரட்டையர் கலமசூவில் இவ்வாறு முயன்றுகொண்டிருந்த அதே காலத்தில், நாட்டின் மேற்குக் கோடியில், ஹாலிவுட்டில் ரெஜினால்ட் டென்னி என்னும் நடிகர் ஒரு கடை திறந்திருந்தார். டென்னி இங்கிலாந்தில் 1891-இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்கா சென்று மௌனப் படங்களில் நகைச்சுவைக் கதாநாயகராகப் பெயர் பெற்றார். அண்டை வீட்டுச் சிறுவனொருவன் தன் சிறு விமானத்தைப் பறக்கவிடத் தெரியாமல் திண்டாடியதைக் கண்டு உதவப் போய், அதை இவரே உடைத்துவிட்டதாகவும், வேறொன்று செய்து கொடுக்க முனைந்தபோது இந்தப் பித்துப் பிடித்ததாகவும் ஒரு கதை வழங்கிவருகிறது. நடிகரைப் பற்றிய கதைகளில் எவ்வளவு நம்பலாம் என்பது நேயர்களுக்குத் தெரியும். ஆனால் 1930களின் நடுவில் ஹாலிவுட் பெருஞ்சாலையில் அவர் பெயரில் விளையாட்டு விமானக் கடை நடந்தது உண்மை. விமானம் செய்யும் தொகுப்புகளையும், வால்ட்டர் ரைட்டர் என்பவர் வடிவமைத்த சிறு இயந்திரத்தையும் ‘டென்னிமைட்’ என்னும் பெயரில் அவர் விற்றார்.

போரில் பீரங்கிகளைப் பார்த்தவர் டென்னி. விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர்கள் எதைச் சுட்டுப் பழகினார்கள் என்பது அவருக்குத் தெரியும். மனிதர் ஓட்டும் விமானம் ஒன்று நீண்ட கயிற்றில் துணிக் குழாயைக் கட்டி இழுத்துச் செல்லும். அத்துணியைக் குறிபார்த்துச் சுடுவார்கள். துணி உண்மையான விமானத்தைப்போல் வளைந்து திரும்பாது. குறி தவறினால் இழுத்துச் செல்பவர் பாடு ஆபத்து. கடையில் விற்கும் விமானத்தைச் சற்றுப் பெரிதாக்கி, வானொலியைப் பொருத்தி, ராணுவத்துக்கு இலக்காகக் கொடுத்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1935-இல் முதல் மாதிரியைப் படையினருக்குக் காட்டினார். உடனே எவரும் வாங்கிவிடவில்லை. மாதிரிக்குமேல் மாதிரி செய்து ஐந்து ஆண்டுகள் போயின. 1940-இல் ஒப்பந்தம் கிடைத்தது. ஹிட்ச்காக் இயக்கிய ‘ரெபெக்கா’ திரைப்படத்தில் டென்னி நடித்து வெளியானதும் அதே 1940-இல்தான். பகலில் படப்பிடிப்பு, மற்ற நேரத்தில் விமானத் தொழிற்சாலை என்று ஒருவர் வாழ்ந்திருப்பது வியப்பே.

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகில் வான் நைஸ் என்னுமிடத்தில் அமைந்த அவருடைய ‘ரேடியோபிளேன்’ கம்பெனி, போர்க் காலத்தில் ஏறக்குறைய 15,000 இலக்கு விமானங்களைச் செய்து கொடுத்தது. அவற்றுள் பெயர் பெற்ற ஒன்றுக்கு 12 அடி இறக்கை, 100 ராத்தலுக்குச் சற்று மேற்பட்ட எடை, 6 குதிரைச் சக்தி இயந்திரம், மணிக்கு 85 மைல் வேகம். கவண்போன்ற பொறியால் அதை மேலே எறிவார்கள். சுடப்படாமல் தப்பினால் பாரசூட் விரிந்து தரையிறங்கும். இதில் ஒரு முரண்பாட்டைக் காணாதிருக்க முடியவில்லை. சிறுவனுக்கு விற்ற விமானம் திரும்பி வரவேண்டும் என்பதற்காக வானொலி பொருத்தப்பட்டது. ராணுவத்துக்கு விற்றதோ நன்றாகச் சுடப்பட வேண்டும் என்பதற்காகப் பொருத்தப்பட்டது. வியாபாரியின் பேரேட்டில் பின்னது லாபம். உடைந்ததற்குப் பதில் வேறொன்று வாங்கியே ஆகவேண்டுமல்லவா! ஆயினும் டென்னியை நாம் குறை சொல்லத் துணியோம். அந்த 15,000 விமானங்களில் ஒன்றிலேனும் உயிருள்ள விமானி இருந்ததில்லை.

இத்தொழிற்சாலையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. போர்க் காலத்தில், போர்ப் பணியில் ஈடுபட்ட பெண்களைப் படமெடுக்க டேவிட் கோனோவர் என்னும் ராணுவப் புகைப்படக்காரர் அங்கே வந்தார். அவரை அனுப்பிய பிரிவில் அதிகாரியாக இருந்தவர் காப்டன் ரொனால்ட் ரேகன். 1981-இல் அமெரிக்க ஜனாதிபதியானவர். கோனோவர் படமெடுத்த தொழிலாளப் பெண்களில் நார்மா ஜீன் என்பவரும் ஒருவர். அப்படங்களே அவரை விளம்பர உலகுக்கும், பின்பு மர்லின் மன்றோ என்ற பெயரில் வெள்ளித்திரைக்கும் இட்டுச் சென்றன. சரித்திரத்துக்கும் சில வேளைகளில் சினிமாக் கதாசிரியரின் புத்தி வந்துவிடுகிறது.

போர் பெரிய உற்பத்தியைத் தந்த அதே கையால் விளையாட்டைப் பறித்துக்கொண்டது. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும், அமெச்சூர் வானொலியாளர் அனைவரும் ஒலிபரப்பை நிறுத்த வேண்டுமென அரசாங்கம் உத்தரவிட்டது. விளையாட்டு விமானங்களுக்குச் சைகை அனுப்பும் உரிமை அவர்களிடமே இருந்ததால், பொத்தான்களும் ஓய்ந்தன. வால்ட்டர் குட் போர்க் காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே உருவானது, பீரங்கிக் குண்டின் மூக்கில் சிறு ரேடியோ ஒன்றைப் பொருத்தி, பகை விமானத்தின் அருகே சென்றதும் தானே வெடிக்கச் செய்யும் கருவி. வானொலியால் விமானத்தைப் பறக்கவிட்ட கை, வானொலியால் விமானத்தை வீழ்த்தும் வேலைக்கும் போயிற்று. கலமசூவின் மாணவரும் ஹாலிவுட்டின் கடைக்காரரும் ஒரே பீரங்கியின் இரு முனைகளில் நின்றார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

மொழிபெயர்ப்பு நமக்குத் தொழிலாதலால் இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறி அப்பால் செல்வோம். இன்று கல்யாண வீட்டில் படமெடுப்பது முதல் வயலில் மருந்து தெளிப்பது வரை எல்லாவற்றுக்கும் வந்துவிட்ட ‘ட்ரோன்’ என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஆண் தேனீ என்பது பொருள். பிரிட்டிஷார் 1935-இல் வானொலியால் இயங்கும் ஓர் இலக்கு விமானத்துக்கு ‘ராணித் தேனீ’ எனப் பொருள்படும் பெயரிட்டனர். அதைக் கண்டுவந்து தம் நாட்டிலும் அவ்வாறு செய்ய முயன்ற அமெரிக்கக் கடற்படையினர், ராணிக்கு மரியாதையாக ஆண் தேனீயின் பெயரை எடுத்துக்கொண்டனர். ‘ஆளில்லா விமானம்’ என்று நாம் தமிழாக்கும்போது பொருள் சரியாகவே வந்துவிடுகிறது. தேனீ மட்டும் பறந்துபோய்விடுகிறது.

போர் முடிந்தபின் விளையாட்டு மீண்டும் தழைத்தது. தீப்பொறிச் சுருளும் அதற்கொரு பாட்டரியும் தேவைப்படாத, கம்பிச் சூட்டிலேயே எரியும் புதுவகைச் சிறு இயந்திரம் 1940களின் பிற்பகுதியில் கடைகளுக்கு வந்ததால் விமானத்தின் பாரம் குறைந்தது. 1950களில் பரீட்சை எழுதாமலே பயன்படுத்தத்தக்க அலைவரிசை அமெரிக்காவில் கிடைத்தது. வால்வுகள் போய் டிரான்சிஸ்டர்கள் வந்தன. 1960-இல் ஸ்விட்சர்லாந்தில் முதல் உலகப் போட்டி நடந்தது. அமெரிக்கரான எட் கஸ்மிர்ஸ்கி வென்றார். 1960களிலேயே, கோலை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவே சுக்கானும் திரும்பும் முறை வந்துவிட்டதால், வலமா இடமா என்று மனக்கணக்குப் போடும் தொல்லையும் தீர்ந்தது.

தீராத தொல்லை ஒன்று மட்டும் நெடுங்காலம் இருந்தது. ஒரே அலைவரிசையில் இருவர் பொத்தானை அழுத்தினால், வானில் உள்ள விமானம் யார் சொல்லைக் கேட்பது? மைதானத்தின் மறுகோடியில் ஒருவர் ஒன்றும் அறியாமல் தம் பெட்டியைத் திறந்த கணத்தில், இன்னொருவர் பல மாதம் உழைத்துச் செய்த விமானம் தலைகீழாக வந்து விழும். இதற்குச் சங்கங்கள் கண்ட உபாயம் மிக எளிது. மைதானத்தின் வாயிலில் ஒரு பலகை. அதில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு துணி மாட்டும் கிளிப். அந்தக் கிளிப்பை எடுத்துத் தம் பெட்டியில் மாட்டிக்கொண்டவர் மட்டுமே அந்த அலைவரிசையில் பறக்கவிடலாம். முடித்ததும் கொண்டுபோய் மாட்டிவிட வேண்டும். காவலும் அபராதமுமின்றி, ஒரு மரக் கிளிப்பை நம்பி இத்தனை விலையுயர்ந்த பொருள்கள் ஆகாயத்தில் நின்றன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒவ்வொரு பெட்டியும் தன் விமானத்தை மட்டும் தானே அடையாளம் கண்டுகொள்ளும் புதிய அலைவரிசை முறை வந்த பிறகு, அந்தப் பலகைக்கு வேலை குறைந்துபோயிற்று.

விற்பவர்களைப் பற்றி மீண்டும் ஒரு வார்த்தை. இத்தொழிலில் பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதோடு கடைக்காரர் வேலை முடிவதில்லை. புதிதாக வாங்கியவர் முதல் நாளே விமானத்தைத் தரையில் குத்திவிட்டால், பெரும்பாலும் அவர் மறுமுறை கடைப்பக்கம் வரமாட்டார். ஆகவே நல்ல கடைக்காரர், மெதுவாகப் பறக்கும் உயர்ந்த இறக்கை விமானத்தையே முதலில் வாங்கச் சொல்வார். வேகமானதைக் கேட்டு அடம்பிடிப்பவரிடம் விற்பனையைத் தள்ளிப்போடுவார். விடுமுறை நாளில் மைதானத்துக்கு வந்து பக்கத்தில் நிற்பார். பின்னாளில் மின்சார மோட்டாரும் எடை குறைந்த லித்தியம் பாட்டரியும் நுரைப் பொருளால் வார்த்த உடலும் வந்தன. இரண்டு மாத வேலை இரண்டு மணி நேரமாயிற்று. பால்சாவை இழைத்துக் காகிதம் ஒட்டி வார்னிஷ் பூசும் கைத்திறன் குறைந்ததற்காக முதியவர்கள் வருந்துகிறார்கள். வருத்தம் நியாயமானதே, எனினும் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளையும் இன்று ஒரு விமானத்தைத் தொட முடிகிறது என்பதையும் மறக்கலாகாது.

நம் நாட்டில் பலருக்கு இக்கலையின் அறிமுகம் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில்தான் கிடைத்தது. அங்கே சிறு விமானம் செய்வதும் பறக்கவிடுவதும் பயிற்சியின் பகுதி. கம்பியைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றவிடும் விமானத்தில் தொடங்கி வானொலிக்கு முன்னேறுவார்கள். டென்னியின் வழி இங்கும் உண்டு: பெங்களூரில் ராணுவ ஆராய்ச்சித் துறையின் நிலையம் உருவாக்கிய ‘லக்ஷ்யா’ என்னும் விமானத்தின் பெயருக்கே இலக்கு என்றுதான் பொருள். நடிகரின் வழியும் உண்டு: இவ்விளையாட்டில் ஈடுபாடுள்ள தமிழ் நடிகர் அஜித் குமார், 2018-இல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் ஆளில்லா விமானக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார்.

டெல்லி போன்ற நகரங்களில் வாழும் நம்மவர் இதில் இறங்கும் முன் சட்டத்தை அறிந்துகொள்வது அவசியம். 2021 ஆகஸ்டில் வெளிவந்த ட்ரோன் விதிகள், பொழுதுபோக்குக்காகவும் கல்விக்காகவும் கண்பார்வைக்குள் மட்டும் பறக்கவிடும், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானத்தைத் தனியாகவே வரையறுத்தன. ஆகாயத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தன. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. குடியரசு தினமும் சுதந்திர தினமும் நெருங்கும்போது தலைநகரில் போலீசார் தனித் தடையும் பிறப்பிப்பது வழக்கம். பொம்மைக்கு இத்தனை கட்டுப்பாடா என்று சிலர் கேட்பர். டென்னியின் கதையை அறிந்தவருக்கு அரசாங்கத்தின் அச்சம் புரியும். குட் சகோதரர்களின் கதையை அறிந்தவரோ, பிள்ளைகளுக்கு ஒரு பச்சை மைதானமாவது எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று விரும்புவர். நாம் இரண்டாமவர் கட்சி.

இராணுவத்தையும் வியாபாரத்தையும் சாராமல், வெறும் ஆசையாலேயே செய்யப்பட்ட காரியம் ஒன்று உண்டு. மேனார்ட் ஹில் என்னும் அமெரிக்கர், முதுமையில் கண் பார்வையும் காதும் பெரும்பாலும் மங்கிய நிலையில், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் சிறு விமானம் ஒன்றைச் செய்ய முனைந்தார். உலக விதிப்படி அதன் எடை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. எரிபொருளும் அதற்குள் அடக்கம். பார்வை போதாதபோது விரல்களால் தடவிப் பார்த்தே பால்சாவை இழைத்தார். முன்பு அனுப்பியவை எவையும் கரை சேரவில்லை. 2003 ஆகஸ்ட் 9-ஆம் நாள் மாலை, கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் கேப் ஸ்பியர் முனையிலிருந்து ஐந்தாவது விமானத்தைக் கையால் வீசி எறிந்தார்கள். உயரே ஏறும்வரை தரையிலிருந்து வானொலி வழிகாட்டியது. பிறகு விமானத்தினுள் இருந்த தானியங்கிக் கருவி பொறுப்பேற்றது. 38 மணி 52 நிமிடம் கழித்து, சுமார் 3,030 கிலோமீட்டர் கடந்து, அயர்லாந்தின் மேற்குக் கரையில் மானின் கடற்புறத்துக்கு மேலே அது தென்பட்டது. 1919-இல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கை முதன்முதலில் நிற்காமல் கடந்து வந்து இறங்கியதும் அந்த வட்டாரமே. கரையில் காத்திருந்த ஹில்லின் நண்பர் தம் கைப்பெட்டியின் கோலைப் பிடித்து, வானொலியால் அதைத் தம்மிடம் அழைத்து, புல்தரையில் இறக்கினார்.